தரிப்பிடங்களில் இலக்கத்தகட்டுக் கமராக்கள்: பிரித்தானியாவின் அனுபவம் எமக்கு உணர்த்துவது என்ன?

செங்கலடியிலிருந்து பதுளை வீதி வழியாகக் கரடியனாறு நோக்கிச் செல்பவர்களுள் நாற்பது வயதைக் கடந்த எவரும் கறுப்புப் பாலத்தை மறந்திருக்க முடியாது. 2007ஆம் ஆண்டு வரை அரச கட்டுப்பாட்டுப் பிரதேசத்துக்கும் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டுப் பிரதேசத்துக்கும் இடையிலான எல்லையாக விளங்கிய இடம் அது. நெல் கொள்வனவுக்காகப் படுவான்கரைப் பக்கம் சென்ற ஏறாவூர் வியாபாரியும், நோயாளியை ஏற்றிக்கொண்டு மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்கு வந்த கரடியனாற்று விவசாயியும் அங்கு வரிசையில் நின்றார்கள். அடையாள அட்டை பார்க்கப்பட்டது. வாகனத்தின் இலக்கம் குறித்துக்கொள்ளப்பட்டது. குறித்த இலக்கம் எங்கே சென்றது, யாரிடம் காட்டப்பட்டது, எத்தனை காலம் வைத்திருக்கப்பட்டது என்று கேட்கும் துணிவு எவருக்கும் இருக்கவில்லை. கேட்டிருந்தாலும் பதில் கிடைத்திருக்காது.

சாவடிகள் அகற்றப்பட்டுவிட்டன. ஆனால் வாகன இலக்கத்தைக் குறித்துக்கொள்ளும் வேலை உலகெங்கும் முன்னரைக் காட்டிலும் பன்மடங்கு விரிவாக நடைபெற்று வருகிறது. இன்று அதனைச் செய்வது சீருடை அணிந்தவரல்லர். ஒரு கம்பத்தில் பொருத்தப்பட்ட கமரா. அக்கமராவின் உரிமையாளர் பெரும்பாலும் அரசாங்கமும் அல்லர். ஒரு சுப்பர் மார்க்கட்டின் அல்லது தனியார் வைத்தியசாலையின் வாகனத் தரிப்பிடத்தைப் பராமரிக்கும் கம்பனி. தரிப்பிட விதியை மீறியவருக்கு வீட்டு முகவரிக்கே கட்டண அறிவித்தல் அனுப்பும் இம்முறை பிரித்தானியாவில் வேரூன்றிவிட்டது. அதன் உபகரணங்கள் எமது நாட்டுக்கும் புதியவையல்ல. கிழக்கின் நகரங்களுக்கும் இம்முறை வந்து சேர நீண்ட காலம் எடுக்காது. ஆகவே அது வருவதற்கு முன்னரே அதனை ஆராய்வது பொருத்தமானதாகும்.

இங்கு எழும் பிரதான கேள்வி கமரா வேண்டுமா, வேண்டாமா என்பதன்று. வீதியில் செல்லும் எவரும் ஓர் இலக்கத்தகட்டைப் பார்க்கலாம். அந்த இலக்கத்துக்குப் பின்னால் உள்ள பெயரையும் முகவரியையும் யார், யாருக்கு, எந்த நிபந்தனையின் பேரில் கொடுப்பது என்பதே கேள்வியாகும்.

இயந்திரம் செய்யும் கணக்கு

இலக்கத்தகட்டைத் தானாக வாசிக்கும் தொழில்நுட்பம் 1976ஆம் ஆண்டில் பிரித்தானியப் பொலிஸ் விஞ்ஞான அபிவிருத்திப் பிரிவில் உருவாக்கப்பட்டது. லண்டன் மாநகரின் நிதி மையப்பகுதி 1990களின் ஆரம்பத்தில் ஐரிஷ் குடியரசு இராணுவத்தின் குண்டுத் தாக்குதல்களுக்கு இலக்கானதைத் தொடர்ந்து, அப்பகுதிக்குள் நுழையும் வாகனங்களைக் கண்காணிக்க இது பயன்படுத்தப்பட்டது. 2003 பெப்ரவரியில் லண்டனில் நெரிசல் கட்டணம் அறிமுகமானபோது, கட்டணம் செலுத்தாதவர்களைக் கண்டறியும் கருவியாயிற்று. பயங்கரவாதத் தடுப்புக்கென வந்த கருவி பத்தே ஆண்டுகளில் கட்டணம் அறவிடும் கருவியாக மாறிய இவ்வரலாறு கவனிக்கத்தக்கது.

தனியார் தரிப்பிடத்தில் இதன் செயற்பாடு எளிமையானது. நுழைவாயிலில் ஒரு கமரா வாகனத்தைப் படம்பிடித்து, தகட்டிலுள்ள எழுத்துகளையும் இலக்கங்களையும் வாசித்து நேரத்துடன் பதிவு செய்கிறது. வெளியேறும் வாயிலிலும் அவ்வாறே நிகழ்கிறது. இரு நேரங்களுக்கும் இடைப்பட்ட காலம் அனுமதிக்கப்பட்ட அளவைத் தாண்டினால், அல்லது அந்த இலக்கத்துக்குக் கட்டணம் செலுத்தப்படாதிருந்தால், கணினி அதனை மீறலாகக் கொள்கிறது. உண்மையில் கமரா அளப்பது வாகனம் வளாகத்துக்குள் இருந்த நேரத்தையே அன்றி, அது தரித்து நின்ற நேரத்தையன்று. இடம் தேடிச் சுற்றிய நேரமும், வெளியேறும் வரிசையில் காத்திருந்த நேரமும் அதே கணக்கில் சேர்ந்துவிடுகின்றன.

மறுபக்கத்து நியாயத்தையும் இங்கு கூறியாக வேண்டும். தமது காணியில், தமது வாடிக்கையாளர்களுக்கென ஒதுக்கிய இடத்தில், தொடர்பேயில்லாத ஒருவர் காலையில் வாகனத்தை விட்டுவிட்டு மாலையில் வந்து எடுத்துச் செல்வதை எந்தக் கடைக்காரரும் பொறுத்துக்கொள்ள மாட்டார். காத்தான்குடி பிரதான வீதியிலோ மட்டக்களப்பு நகரின் கடைத்தெருவிலோ வாகனம் நிறுத்த இடமின்றித் திண்டாடியவர்கள் இதனை நன்கறிவர். வைத்தியசாலை வாயிலில் அம்பியூலன்ஸ் வண்டியை மறித்து நிற்கும் வாகனம் உயிராபத்தானது. எனவே தனியார் காணி உரிமையாளருக்கு ஏதோவொரு பரிகாரம் இருந்தே ஆக வேண்டும். அப்பரிகாரத்துக்குச் சட்டம் இடுகின்ற எல்லை எது என்பதே நோக்கப்பட வேண்டியது.

பிரித்தானியாவில் நிகழ்ந்தது

கமராவுக்கு முன்னர் பிரித்தானியத் தனியார் தரிப்பிடங்களில் கோலோச்சியது சில்லுப் பூட்டாகும். விதியை மீறிய வாகனத்தின் சில்லில் இரும்புப் பூட்டை மாட்டிவிட்டு, கேட்ட பணத்தைக் கொடுத்தால் மாத்திரமே அகற்றுவார்கள். ஸ்கொட்லாந்தின் நீதிமன்றம் 1992ஆம் ஆண்டிலேயே இதனைப் பலவந்தமாகப் பணம் பறிக்கும் குற்றமெனத் தீர்த்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இம்முறை மேலும் 20 ஆண்டுகள் நீடித்து, 2012ஆம் ஆண்டின் சுதந்திரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின் மூலம் அவ்வாண்டு ஒக்டோபர் 1ஆம் திகதி முதல் தடைசெய்யப்பட்டது. மக்கள் இதனை வரவேற்றனர்.

ஆனால் ஒரு கையால் எடுத்ததை அதே சட்டம் மறு கையால் கொடுத்தது. அதன் நான்காவது அட்டவணையின் பிரகாரம், வாகனத்தை ஓட்டியவர் யாரென்று தெரியாதவிடத்து, குறிப்பிட்ட நிபந்தனைகளுக்கு உட்பட்டு, பதிவு செய்யப்பட்ட பொறுப்பாளரிடமிருந்தே கட்டணத்தைக் கோரும் உரிமை தனியார் கம்பனிகளுக்கு வழங்கப்பட்டது. கமராவுக்கு ஓட்டுநரின் முகம் தேவையில்லாமற் போயிற்று, இலக்கத்தகடு போதுமானதாயிற்று. தகட்டிலிருந்து பெயரைப் பெறும் வழியும் திறந்தே இருந்தது. அங்கீகரிக்கப்பட்ட தொழில்துறைச் சங்கம் ஒன்றில் அங்கத்துவம் பெற்ற கம்பனிக்கு, ஒரு பதிவுக்கு 2.50 பவுண் வீதம் பெற்றுக்கொண்டு, சாரதிகள் மற்றும் வாகன அனுமதி முகவரகம் பொறுப்பாளரின் பெயரையும் முகவரியையும் வழங்குகிறது.

விளைவு என்ன? ஆர்.ஏ.சி. மன்றம் தொகுத்து வெளியிட்டுவரும் புள்ளிவிபரங்களின்படி, 2012-13 நிதியாண்டில் தனியார் கம்பனிகள் கோரிப் பெற்ற பதிவுகள் சுமார் 19 இலட்சம். 2018-19இல் இத்தொகை 68 இலட்சமாக உயர்ந்தது. 2023-24இல் 1 கோடியே 28 இலட்சம். 2024-25இல் 1 கோடியே 44 இலட்சம். ஒரு பதிவுக்கு 2.50 பவுண் என்ற வகையில் கடைசி ஆண்டுக்கான தொகை மாத்திரம் 3 கோடியே 60 இலட்சம் பவுண் ஆகிறது. இது செலவை ஈடுசெய்யும் கட்டணமே தவிர இலாபம் அன்று என்பது முகவரகத்தின் நிலைப்பாடு. இலாபமோ இல்லையோ, ஒரு நாட்டின் வாகனப் பதிவேடு நாளொன்றுக்கு ஏறத்தாழ 40,000 தடவைகள் தனியாருக்குத் திறந்து காட்டப்படுகிறது என்பது மறுக்க முடியாத உண்மையாகும்.

நீதிமன்றமும் கம்பனிகளுக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தது. 2013ஆம் ஆண்டில் செல்ம்ஸ்போர்ட் நகரின் வணிகத் தொகுதியொன்றில், 2 மணித்தியாலம் இலவசமாக அனுமதிக்கப்பட்ட தரிப்பிடத்தில் சாரதி ஒருவர் 56 நிமிடங்கள் மேலதிகமாக வாகனத்தை நிறுத்தியிருந்தார். பார்க்கிங்ஐ என்ற கம்பனி அவரிடம் 85 பவுண் கோரியது. தனக்கு எந்த நட்டமும் ஏற்படாதபோது இவ்வளவு பெருந்தொகையைக் கோருவது தண்டனையாகும் என அவர் வாதிட்டார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. வாயிலிலுள்ள அறிவித்தல் பலகை ஓர் ஒப்பந்தம் என்றும், இடத்தைப் பலரும் பயன்படுத்தத்தக்கதாகப் பேணுவதில் கம்பனிக்கு நியாயமான அக்கறை உண்டு என்றும், 85 பவுண் மிகையானதன்று என்றும் 2015 நவம்பர் 4ஆம் திகதி பெரும்பான்மை நீதியரசர்கள் தீர்ப்பளித்தனர். ஒரே ஒரு நீதியரசர் மாத்திரமே மாறுபட்டார். ஒரு பலகையைக் கடந்து உள்ளே நுழைந்தவர் அதில் எழுதப்பட்ட அனைத்துக்கும் சம்மதித்தவராகிறார் என்ற நிலை இத்தீர்ப்பால் உறுதியாயிற்று.

கணினியின் தவறும் மனிதனின் சுமையும்

இயந்திரம் பாரபட்சம் காட்டாது என்பது உண்மை. ஆனால் அது தவறிழைக்காது என்பது உண்மையன்று. காலையில் வந்து கால் மணி நேரத்தில் திரும்பிச் சென்ற ஒருவர் மாலையில் மீண்டும் வந்து போகிறார் எனக் கொள்வோம். முதல் வெளியேற்றத்தையும் இரண்டாவது நுழைவையும் கமரா தவறவிட்டால், அவர் நாள் முழுவதும் அங்கேயே நின்றதாகக் கணக்கு முடிகிறது. பூச்சியம் ஓ என்ற ஆங்கில எழுத்தாக வாசிக்கப்படலாம். ஒருவரது இலக்கத்தைப் போலியாகத் தகட்டில் பொறித்து வேறொருவர் ஓட்டித் திரியலாம். இவை அனைத்தும் பிரித்தானியாவில் பலமுறை முறையிடப்பட்ட விடயங்களாகும்.

இங்கு ஆரம்பிக்கிறது உண்மையான சுமை. பிழை செய்தது இயந்திரம். பிழையில்லை என நிரூபிக்க வேண்டியவர் மனிதர். குறித்த நாட்களுக்குள் செலுத்தினால் தொகை குறையும், மேன்முறையீடு செய்து தோற்றால் முழுத் தொகையும் செலுத்த வேண்டும் என்ற நிலையில், தவறு செய்யாத பலரும் பணத்தைச் செலுத்திவிட்டு நிம்மதியடையவே விரும்புகின்றனர். எதிர்த்து நின்றால் நேர்வது என்னவென்பதற்கு டேர்பி நகரின் சம்பவம் ஓர் உதாரணம். தொலைபேசி அலை சரிவரக் கிடைக்காமையால் 5 நிமிடங்களுக்குள் கட்டணத்தைச் செலுத்த முடியாமற்போன பெண்ணொருவர், ஒவ்வொரு முறையும் தரிப்பிடக் கட்டணத்தை முழுமையாகச் செலுத்தியிருந்தும், 1,900 பவுணுக்கும் மேற்பட்ட தொகைக்கு நீதிமன்றத்துக்கு இழுக்கப்பட்டார். 2024ஆம் ஆண்டின் பிற்பகுதியில் இது பத்திரிகைகளில் வெளியாகிப் பெரும் கண்டனம் எழுந்த பின்னரே கம்பனி வழக்கைக் கைவிட்டது. 2025 பெப்ரவரியில் அவ்விதியும் திருத்தப்பட்டது. பத்திரிகையின் பார்வைக்கு எட்டாத சாதாரண மனிதரின் கதி யாது என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

அரசாங்கம் இதனை அறியாமல் இருக்கவில்லை. 2019ஆம் ஆண்டில் தனியார் தரிப்பிடங்களுக்கான ஒழுக்கக் கோவை பற்றிய சட்டம் நிறைவேறியது. 2022 பெப்ரவரியில் வெளியான கோவை, லண்டனுக்கு வெளியே பெரும்பாலான மீறல்களுக்கு 50 பவுண் உச்ச வரம்பை நிர்ணயித்தது. தரிப்பிடக் கம்பனிகள் நீதிமன்றத்தை நாடவே, அதே ஆண்டு ஜூனில் அது மீளப்பெறப்பட்டது. 2025 ஜூலையில் அரசாங்கம் புதிதாகக் கலந்தாலோசனையை ஆரம்பித்தது. கமராக்கள் ஓரிரு ஆண்டுகளில் பரவின. அவற்றைக் கட்டுப்படுத்தும் கோவையோ ஆறு ஆண்டுகள் கடந்தும் கலந்தாலோசனையிலேயே நின்றது. ஒரு தொழில் வளர்ந்து பெருத்த பின்னர் அதற்கு விதி வகுக்க முனைவது எவ்வளவு கடினமானது என்பதற்கு இதனைவிடச் சான்று தேவையில்லை.

மேலும் ஒரு முரண்பாட்டையும் சுட்டிக்காட்ட வேண்டும். மக்களால் தெரிவு செய்யப்பட்ட உள்ளூராட்சி மன்றங்கள் கமராவின் மூலம் தரிப்பிடத் தண்டம் விதிப்பதை, பாடசாலை வாயில், பேருந்துப் பாதை போன்ற சில இடங்கள் தவிர்ந்த ஏனையவற்றில், இங்கிலாந்தில் 2015ஆம் ஆண்டின் சட்டமொன்று மட்டுப்படுத்தியது. தனியார் கம்பனிகளுக்கு அத்தகைய தடை எதுவும் இல்லை.

பர்மிங்ஹாம் நகரின் அனுபவம் முஸ்லிம் வாசகர்கள் அறிந்திருக்க வேண்டியது. 2010ஆம் ஆண்டில் அந்நகரின் ஸ்பார்க்புரூக், வொஷ்வூட் ஹீத் ஆகிய, முஸ்லிம்கள் செறிந்து வாழும் பகுதிகளைச் சூழ 200க்கும் மேற்பட்ட கமராக்கள் பொருத்தப்பட்டன. அவற்றுள் பெரும்பாலானவை இலக்கத்தகட்டை வாசிப்பவை. சில மறைத்து வைக்கப்பட்டவை. குற்றத் தடுப்புக்காக என மக்களுக்குக் கூறப்பட்டது. நிதியோ பயங்கரவாதத் தடுப்பு ஒதுக்கீட்டிலிருந்து வந்தது. உண்மை வெளியானதும் கடும் எதிர்ப்பு எழுந்தது. பொலிஸ் தரப்பு மன்னிப்புக் கோரியது. 2011இல் கமராக்கள் அகற்றப்பட்டன. இதுபோன்ற அனுபவங்களின் பின்னணியில், கண்காணிப்புக் கமராக்களுக்கான ஒழுக்கக் கோவை ஒன்றையும் மேற்சொன்ன 2012ஆம் ஆண்டுச் சட்டமே ஏற்படுத்தியது. ஆனால் அக்கோவை பொலிஸாரையும் உள்ளூராட்சி மன்றங்களையுமே கட்டுப்படுத்துகிறது. தனியார் தரிப்பிடக் கமரா அதற்கு வெளியே நிற்கிறது.

இலக்கத்தகடும் எமது வரலாறும்

இதெல்லாம் பிரித்தானியாவின் பிரச்சினை, எமக்கென்ன என்று எவரும் கேட்கலாம். எமது நாட்டில் இலக்கத்தகடு ஒருபோதும் வெறும் தகடாக இருந்ததில்லை என்பதே அதற்கான பதிலாகும்.

1957ஆம் ஆண்டில் வாகன இலக்கத்தகடுகளில் சிங்கள ஸ்ரீ எழுத்து புகுத்தப்பட்டபோது, தமிழரசுக் கட்சி அதற்கு எதிராகப் போராடியது. அவ்வெழுத்தை அழித்துத் தமிழ் ஸ்ரீ எழுதியவர்கள் கைது செய்யப்பட்டனர். மறு ஆண்டு பண்டாரநாயக்க - செல்வநாயகம் ஒப்பந்தம் கைவிடப்பட்ட கொந்தளிப்பில் ஸ்ரீ எதிர்ப்புப் போராட்டமும் ஓர் அங்கமாயிற்று. 2000ஆம் ஆண்டில் ஆங்கில எழுத்துத் தொடர் அறிமுகமானபோது மாகாணத்தைக் குறிக்கும் எழுத்துகளும் தகட்டில் இடம்பிடித்தன. ஈ.பி. என்ற இரு எழுத்துகள் கொழும்பின் சோதனைச் சாவடியில் எத்தகைய பார்வையைப் பெற்றுத் தந்தன என்பதை யுத்த காலத்தில் கிழக்கிலிருந்து வாகனம் ஓட்டிச் சென்றவர்கள் அறிவர். மாகாண எழுத்துகளைக் கைவிடும் நடைமுறை 2023ஆம் ஆண்டிலேயே ஆரம்பமாயிற்று.

இலக்கத்தகடற்ற வாகனமும் எமக்கு அச்சத்தையே தந்தது. வெள்ளை வான்களில் கொண்டு செல்லப்பட்டவர்களின் தாய்மார், ஓர் இலக்கமாவது தெரிந்திருந்தால் என்று இன்றும் ஏங்குகின்றனர். ஆகவே இலக்கத்தகடு தேவையற்றது என எவரும் கூற மாட்டார். வாகனத்தை அடையாளங்காணும் வழி இருக்க வேண்டும்; அது சட்டத்தின் கையில் இருக்க வேண்டும்.

பெயர்ப் பட்டியல் தவறான கைக்குச் சென்றால் நேர்வது யாது என்பதையும் இந்நாடு கண்டிருக்கிறது. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழரின் வீடுகளையும் கடைகளையும் தேடி வந்தவர்கள் வாக்காளர் இடாப்பைக் கையில் வைத்திருந்தார்கள். வாக்களிப்பதற்கெனத் தயாரிக்கப்பட்ட பட்டியல் வீட்டைக் காட்டிக்கொடுக்கும் பட்டியலாயிற்று. 2019 ஏப்ரல் 21 தாக்குதல்களின் பின்னர், வீதியோரத்தில் வாகனத்தை நிறுத்திச் செல்வோர் தமது தொலைபேசி இலக்கத்தை எழுதி முன்கண்ணாடியில் வைக்குமாறு கேட்கப்பட்டனர். மட்டக்களப்பு சியோன் தேவாலயத்தில் உயிர்களை இழந்து துயரில் ஆழ்ந்திருந்த மக்கள் அதனை அவசியமெனக் கருதினர். அதே வேளை, வாகனத்தில் ஒரு முஸ்லிம் பெயரை எழுதி வைத்துவிட்டு அப்பால் செல்ல எத்தனை பேர் அஞ்சினர் என்பதும், அடுத்த மாதம் வடமேல் மாகாணத்தில் முஸ்லிம்களின் உடைமைகள் தாக்கப்பட்டபோது அந்த அச்சம் ஆதாரமற்றதன்று என்பது புலனானதும் மறக்கப்படலாகாது.

அயல் நாடான இந்தியாவும் இவ்விடயத்தில் பாடம் கற்றது. வாகனப் பதிவுத் தரவுகளை மொத்தமாகத் தனியாருக்கு விற்கும் கொள்கையொன்றை 2019ஆம் ஆண்டில் மத்திய அரசாங்கம் வகுத்தது. தரவுகளைப் பகிர்ந்ததன் மூலம் 100 கோடி இந்திய ரூபாவுக்கும் மேற்பட்ட வருமானம் கிடைத்ததாகப் பாராளுமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. 2020 பெப்ரவரியில் வடகிழக்கு டில்லியில் கலவரம் மூண்டபோது, முஸ்லிம்களின் வாகனங்களை அடையாளங்காண இத்தரவுகள் பயன்படுத்தப்பட்டிருக்கலாம் என்ற அச்சத்தை டிஜிட்டல் உரிமைச் செயற்பாட்டாளர்கள் எழுப்பினர். அந்தரங்கம் தொடர்பான கவலைகளைக் காரணங்காட்டி 2020 ஜூனில் அக்கொள்கை கைவிடப்பட்டது. அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017 ஓகஸ்டில் ஒன்பது நீதியரசர்களைக் கொண்ட உச்ச நீதிமன்ற ஆயம் ஏகமனதாகத் தீர்ப்பளித்த நாட்டிலேயே இது நடந்தது. எமது அரசியலமைப்பிலோ அந்தரங்கம் தனியான அடிப்படை உரிமையாக எழுதப்படவே இல்லை.

இலங்கையின் ஆயத்தம் போதுமானதா?

2024 ஜனவரி 22ஆம் திகதி முதல் கொழும்பு நகரில் சீ.சீ.ரி.வி. கமராக்களின் மூலம் போக்குவரத்து விதிமீறல்களைக் கண்டறிந்து, வாகன உரிமையாளரின் பிரதேசப் பொலிஸ் நிலையத்தினூடாக அறிவித்தல் அனுப்பும் நடைமுறையைப் பொலிஸார் ஆரம்பித்தனர். இது அரசின் நடவடிக்கை; அதற்கு மோட்டார் வாகனச் சட்டமும் நீதிமன்றமும் பின்புலமாக உள்ளன. வீதியோரத் தரிப்பிடக் கட்டணத்தை அறவிடும் பணியைக் கொழும்பு மாநகர சபை ஏற்கெனவே தனியாரிடம் ஒப்படைத்துள்ளது. இவ்விரண்டும் ஒன்றிணைந்தால் பிரித்தானிய முறைக்கு இன்னும் ஓர் அடியே எஞ்சியிருக்கும்: மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவேட்டைத் தனியாருக்குத் திறந்துவிடுவதே அது.

அப்பதிவேட்டின் நிலையையும் நோக்க வேண்டும். எமது நாட்டில் வாகனம் கைமாறும்போது, மாற்றப் பத்திரத்தில் கையொப்பத்தை மாத்திரம் வாங்கிக்கொண்டு, பெயரை மாற்றாமலே ஆண்டுக்கணக்கில் ஓட்டுவது சர்வசாதாரணம். லீசிங் கம்பனிக்குக் கட்டி முடிக்கப்படாத மோட்டார் சைக்கிள்களும் முச்சக்கர வண்டிகளும் ஏராளம். வெளிநாடு சென்ற அண்ணனின் பெயரில் உள்ள வாகனத்தைத் தம்பி ஓட்டுகிறார். 2025ஆம் ஆண்டில் வாகன இறக்குமதி மீண்டும் அனுமதிக்கப்பட்டபோது, தகடுகளை உரிய காலத்தில் விநியோகிக்க முடியாமையால் புதிய வாகனங்கள் பல தகடின்றியே வீதியில் ஓடின. இவ்வாறான பதிவேட்டை நம்பிக் கட்டண அறிவித்தல் அனுப்பினால், அது குற்றமற்றவரின் கதவையே அதிகம் தட்டும்.

கரடியனாற்றைச் சேர்ந்த விவசாயி ஒருவர், வேறொருவரின் பெயரில் உள்ள மோட்டார் சைக்கிளில் மனைவியை ஏற்றிக்கொண்டு மட்டக்களப்பிலுள்ள தனியார் மருத்துவ நிலையமொன்றுக்கு வருகிறார் என வைத்துக்கொள்வோம். வைத்தியர் தாமதமாக வருகிறார்; இரண்டு மணித்தியாலம் நான்காகிறது. வாயிலிலுள்ள பலகை ஆங்கிலத்தில் இருக்கிறது. மூன்று வாரங்களின் பின்னர், வண்டியை எப்போதோ விற்றுவிட்ட ஏறாவூர்க்காரரின் வீட்டுக்கு, கட்டத் தவறினால் வழக்கு என்ற கடிதம் செல்கிறது. விற்றவர் வாங்கியவரைத் தேடி வருகிறார். இரு ஏழைகளுக்கிடையில், இரு சமூகங்களுக்கிடையில், ஒரு மனக்கசப்பு உருவாகிறது. கம்பனியோ கணினியைக் கைகாட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது. இது கற்பனைதான், எனினும் மேற்கூறிய நிலைமைகளில் நிகழ முடியாத கற்பனையன்று.

தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமாக நிறைவேற்றப்பட்டது. தென்னாசியாவில் இத்துறையில் முன்கூட்டியே சட்டமியற்றிய நாடு என நாம் பெருமைப்பட்டுக்கொண்டோம். ஆயினும் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் பிற்போடப்பட்டன; அதே ஆண்டில் சட்டம் திருத்தத்துக்கும் உட்பட்டது. கமராக்களை வாங்குவதற்கு எவரும் எவரிடமும் தவணை கேட்பதில்லை. மக்களைப் பாதுகாக்கும் சட்டமே தவணை கேட்கிறது.

முன்கூட்டியே செய்ய வேண்டியவை

முதலாவதாக, வாகன உரிமையாளரின் பெயரும் முகவரியும் எந்தத் தனியார் கம்பனிக்கும் நேரடியாக வழங்கப்படலாகாது. கம்பனி தனது அறிவித்தலை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திடம் கையளித்து, திணைக்களமே அதனை உரியவருக்கு அனுப்புவதில் நடைமுறைச் சிக்கல் எதுவும் இல்லை. காணி உரிமையாளரின் கோரிக்கை போய்ச் சேரும், பெயர் வெளியேறாது. பிரித்தானியா செய்யத் தவறியது இதுவேயாகும்.

இரண்டாவதாக, விதியை மீறாத வாகனத்தின் பதிவு, அது வெளியேறியதும் அழிக்கப்பட வேண்டும். எந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு யார் எங்கே வாகனத்தை நிறுத்தினார், மாமாங்கேஸ்வரர் ஆலயத்தின் ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கு யார் யார் வந்தனர் என்ற குறிப்பு எந்தக் கம்பனியின் கணினியிலும் எஞ்சியிருக்க வேண்டிய தேவையில்லை. பாதுகாப்புத் தரப்பினர் அதனைக் கேட்டால் நீதிமன்றக் கட்டளையுடன் கேட்கட்டும்.

மூன்றாவதாக, அறிவித்தல் பலகையும் கடிதமும் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் இருத்தல் வேண்டும். பலகை ஓர் ஒப்பந்தம் எனில், வாசிக்க முடியாத மொழியில் ஒப்பந்தம் செய்ய எவராலும் முடியாது. அறவிடத்தக்க தொகைக்கு உச்ச வரம்பைச் சட்டமே நிர்ணயிக்க வேண்டும். வைத்தியசாலை, மகப்பேறு, வாகனம் பழுதடைதல் போன்ற நியாயமான காரணங்களுக்கு விலக்களிப்பதும் அவசியம். எந்த அறிவித்தலும் ஒரு மனிதர் படங்களைப் பார்த்துச் சரிபார்த்த பின்னரே அனுப்பப்பட வேண்டும்.

நான்காவதாக, பிணக்குகளைத் தீர்ப்பதற்குக் கம்பனிகளே அமைத்துக்கொள்ளும் மேன்முறையீட்டுச் சபைகள் எமக்கு வேண்டியதில்லை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த மத்தியஸ்த சபைகள் நாடெங்கும் இயங்குகின்றன. சட்டத்தரணிக்குப் பணம் செலவிடாமல், தமது மொழியில், தமது ஊருக்கு அண்மையில் மக்கள் நியாயம் பேசக்கூடிய இடம் அது. தரிப்பிடப் பிணக்கு எதுவாயினும் முதலில் அங்கேயே செல்ல வேண்டும் என விதிக்கலாம்.

2025 மே 6ஆம் திகதித் தேர்தலின் பின்னர் உள்ளூராட்சி மன்றங்கள் மீண்டும் மக்கள் பிரதிநிதிகளின் கைக்கு வந்துள்ளன. மட்டக்களப்பு மாநகர சபையும், காத்தான்குடி, ஏறாவூர் நகர சபைகளும், செங்கலடியைத் தலைமையிடமாகக் கொண்ட ஏறாவூர்ப்பற்றுப் பிரதேச சபையும் தத்தமது எல்லைக்குள் பொதுத் தரிப்பிடங்களை ஏற்படுத்துவதில் முதலில் அக்கறை காட்ட வேண்டும். நிறுத்துவதற்கு இடமே இல்லாத ஊரில், நிறுத்தியதற்குத் தண்டம் விதிக்கும் கமரா ஒழுங்கைக் கொண்டுவராது. வியாபாரிகள் சங்கங்களும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஆலய பரிபாலன சபைகளும் இதில் ஒரே மேசையில் அமர்வதற்குத் தடையேதும் இல்லை. வேறு விடயங்களில் தமிழரும் முஸ்லிம்களும் வேறுபட்டு நிற்கலாம். பெயர்ப் பட்டியல் பற்றிய அச்சம் இரு சமூகங்களுக்கும் பொதுவானது.

ஒருவரது பெயரும் முகவரியும் அரசிடம் ஒப்படைக்கப்பட்ட அடைக்கலப் பொருளாகும். முஸ்லிம்கள் அதனை அமானிதம் என்பர். அடைக்கலமாகப் பெற்றதை உரியவரின் அனுமதியின்றி இன்னொருவருக்கு விற்பது எந்த அறத்திலும் நியாயமாகாது, அதற்கு 2.50 பவுண் விலை குறித்துவிட்டதனால் அது நியாயமாகிவிடுவதும் இல்லை. கறுப்புப் பாலத்தில் எழுதப்பட்ட இலக்கங்கள் எங்கே போயின என்று அன்று நாம் கேட்க முடியவில்லை. இன்று கேட்க முடியும். கமராக்கள் வந்து வேரூன்றிய பின்னர் கேட்பதைவிட, அவை வருவதற்கு முன்னர் கேட்பதே பயனுடையதாகும்.